மூன்றாம் தொட்டியின் பந்துகள்

குளிர்ந்த தண்ணீர் பட்டால் பல் கூசுவது எல்லோருக்கும் உள்ளதுதான். தண்ணீர் தொண்டையைத் தாண்டிப் போன பிறகும் அந்தக் கூச்சம் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தால் அதற்குப் பெயர் வேறு. என் வாயில் அது பதினான்கு மாதமாக உட்கார்ந்திருந்தது.

முதலில் பற்பசையை மாற்றினேன். பிறகு கிராம்புத் தைலம் வைத்துப் பார்த்தேன். பிறகு ஒரு பல் டாக்டர் மேல்வரிசையில் ஒரு பல்லைத் தட்டிப் பார்த்து, இதுதான் என்றார். வேர்வரை துளைத்து நரம்பை உருவி அடைத்துவிட்டார். பல் செத்தது. வலி சாகவில்லை. பக்கத்துப் பல்லுக்குக் குடிபோனது.

"வலிக்குதுன்னா வாயத் திறந்து சொல்லுங்க," என்றாள் மனைவி. "சோத்த ஆற வச்சு, தண்ணியச் சுட வச்சு, கைக்குழந்தைக்குப் பண்ற மாதிரி எத்தனை நாளைக்குப் பண்றது?"

"வாயத் திறந்தாத்தான் வலிக்குது."

"அப்ப மூடிட்டு இருங்க. அதுவும் செய்ய மாட்டீங்க. எங்க அண்ணனும் நீங்களும் கன்னத்தப் பிடிச்சுக்கிட்டு எதிரும் புதிருமா உக்காந்தா இழவு வீடு மாதிரி இருக்கு."

அவள் அண்ணன், என் மச்சான், எங்கள் பட்டறையில்தான் வேலை செய்கிறார். சேர்த்துவிட்டது நான். அலுமினியச் சட்டங்களுக்கு நிறம் ஏற்றும் பட்டறை. ஜன்னல், கதவு, கடைமுகப்பு என்று போகிற சட்டங்கள். ஏழு தொட்டிகள் வரிசையாக நிற்கும். முதல் இரண்டில் கழுவிய சட்டங்கள் மூன்றாவதில் இறங்கும். அதில் ஆசிட். மின்சாரம் பாய்ச்சினால் சட்டத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு தோல் வளரும். அந்தத் தோல் இருந்தால்தான் பின்னால் நிறம் பிடிக்கும்.

வரிசையில் ஐந்து பேர். நான் பொறுப்பாளன். மூன்றாம் தொட்டி மச்சானுடையது. சங்கிலியில் தொங்கும் சட்டங்களை இறக்கவும் ஏற்றவும் தூக்கு இயந்திரம் ஓட்டும் ஹாய்ஸ்ட்காரனுக்கு அவர் சைகை தர வேண்டும். மோட்டார் இரைச்சலில் குரல் எடுபடாது. கையில் ரப்பர் உறை இருப்பதால் விரலையும் வாயில் வைக்க முடியாது. உதட்டைப் பின்னுக்கு இழுத்துப் பல்லிடுக்கில் விசில் அடிப்பார். தூக்க ஒன்று, இறக்க இரண்டு, நிறுத்த நீளமாக ஒன்று. பட்டறையில் அவர் பெயரே விசில்தான். சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது.

ஆறு மாதமாக அந்த விசில் கெட்டுவிட்டது. முன்பற்கள் தேய்ந்து, ஓரம் கண்ணாடிச் சில்லு போல மெலிந்து, காற்று சிதறிப் போனது.

"என்ன விசிலு, பஞ்சரா?" என்று ஹாய்ஸ்ட்காரன் கத்துவான்.

"உனக்குக் காதுல பஞ்சர்டா. கீழ பாத்து ஓட்டு," என்று மச்சான் கையை ஆட்டுவார். பிறகு எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நாக்கால் பல்லைத் தடவிப் பார்ப்பார்.

மார்க்கெட் பக்கம் ஒரு பல் டாக்டரிடம் காட்டியிருந்தார். நான்கு முன்பல்லும் இனித் தேறாது, எடுத்துவிட்டுச் செட்டுப் பல் வைத்துவிடலாம் என்று அந்த டாக்டர் சொல்லியிருந்தார். சனிக்கிழமை காலை வரச் சொல்லியிருந்தார்கள்.

அதற்கு முந்தைய புதன்கிழமைதான் மனைவி என்னை வேறொரு டாக்டரிடம் தள்ளிக்கொண்டு போய் உட்கார வைத்தாள். பெண் டாக்டர், என் வயதுதான் இருக்கும். சிரிக்கவே மாட்டேன் என்று யாருக்கோ வாக்குக் கொடுத்தவர் போல இருந்தார். ஒரு துளிப் பஞ்சில் எதையோ பீய்ச்சினார். பஞ்சு உறைந்து வெள்ளையானது.

"பல்லு மேல வைப்பேன். சுருக்குன்னதும் கையத் தூக்குங்க. எடுத்துடுவேன். வலி நின்னதும் கைய இறக்குங்க."

வைத்தார். தூக்கினேன். எடுத்தார். என் கை தூக்கியபடியே இருந்தது. அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பள்ளிக்கூடத்தில் பதில் தெரியாமல் கை தூக்கியவன் மாதிரி இருந்தது எனக்கு.

"பதினேழு செகண்ட்," என்றார். "நல்ல பல்லுன்னா ரெண்டு மூணுல நின்னுடணும். உள்ள நரம்பு புண்ணாகிட்டு வருது. ஒரு பல்லு இல்ல, வரிசையா."

வாய்க்குள் சிறு கண்ணாடியை நுழைத்து விளக்கைத் திருப்பினார்.  பிறகு கேள்வி கேட்க ஆரம்பித்தார்.

"எலுமிச்சம்பழம் உறிஞ்சுவீங்களா?"

"இல்ல."

"சோடா, கூல்டிரிங்க்?"

"கல்யாண வீட்டுல குடுத்தா உண்டு."

"நெஞ்செரிச்சல், புளிச்ச ஏப்பம்? அடிக்கடி வாந்தி?"

"இல்லீங்க."

"இருக்காது. வயித்துல இருந்து புளிப்பு வந்தா பல்லோட உள்பக்கம் கரையும். உங்களுக்கு உள்பக்கம் முழுசா இருக்கு. வெளிப்பக்கம் மட்டும் போயிருக்கு. அதுலயும் முன்னாடி இருக்கிற பல்லு. அதுலயும் உதடு மூடாத இடம். பாருங்க."

கையில் ஒரு கண்ணாடியைக் கொடுத்தார். என் பற்களை அதுவரை நான் சரியாகப் பார்த்ததே இல்லை என்று தெரிந்தது. உதட்டுக்குள் மறையும் பாகம் பல்லாக இருந்தது. வெளியே தெரியும் பாகம் மஞ்சளாக, மழமழவென்று, சப்பித் துப்பிய மிட்டாய் போல இருந்தது. இரண்டுக்கும் நடுவில் கோடு போட்டது மாதிரி ஒரு படி.

"நீங்க சாப்பிடற எதுவும் இத இப்படிப் பண்ணாது. காத்துல இருந்து வருது. எங்க வேலை?"

சொன்னேன்.

"ஆசிட் தொட்டியா? ஆவி அடிக்குமா?"

"அடிக்காதுங்க. மேல பந்து மிதக்கும். பிளாஸ்டிக் பந்து. ஆசிட் முகமே தெரியாத அளவுக்கு மூடியிருக்கும்..."

பட்டறைக்குச் சோதனைக்கு வருகிறவர்கள், வாடிக்கையாளர்கள், புதிதாகச் சேருகிறவர்கள் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி நாக்குக்கு மனப்பாடமாகிவிட்ட வாக்கியம் அது. பாதியில் நின்றுவிட்டேன். மூன்றாம் தொட்டியில் பந்துகள் இல்லை. இருபத்தாறு மாதமாக இல்லை. எடுத்தவன் நான்.

என்னைப் போல் படிப்பைப் பாதியில் விட்டவனுக்கு ஒரு வியாதி உண்டு. அரைகுறையாகத் தெரிந்ததை முழுசாகத் தெரிந்த குரலில் சொல்வான். சட்டங்களைத் தூக்கும்போதெல்லாம் பந்துகள் ஒட்டிக்கொண்டு வரும். அடுத்த தொட்டியில் விழும். வலை போட்டு அள்ளித் திரும்பக் கொட்ட வேண்டும். ஒவ்வொரு கட்டுக்கும் ஐந்து நிமிடம் தண்டம். ஆசிட் ஆவியாகிக் குறையாமல் இருக்கத்தான் பந்து என்று நான் எங்கோ படித்திருந்தேன். குறைந்தால் ஊற்றிக்கொள்ளலாமே, எதற்கு இந்த வலைவீச்சு என்று ஒருநாள் எல்லாவற்றையும் அள்ளி ஒன்பது மூட்டையாகக் கட்டிவிட்டேன். ஒரு நாளைக்கு இருபது கட்டு ஓடிய இடத்தில் இருபத்தைந்து ஓடியது. 'சிறந்த யோசனை' என்று என் புகைப்படத்தை மேனேஜர் ஆபீஸ் வாசலில் மாட்டினார். அதற்குப் பிறகுதான் பொறுப்பாளன் ஆனேன்.

அன்றைக்கு மச்சான் ஒன்று கேட்டார். "மாப்ள, எதுக்கோ போட்டிருப்பாங்கல்ல அந்தப் பந்த?"

"அழகுக்கு," என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும்.

முதல் வாரம் இருமினோம். பிறகு தொண்டை பழகிவிட்டது. வேலை முடிந்ததும் வாய் புளிக்கும். அதற்கும் என்னிடம் யோசனை இருந்தது. கை கழுவும் இடத்தில் ஒரு பலகை அடித்து ஐந்து பிரஷ் தொங்கவிட்டேன். உடுப்பு மாற்றும் முன் எல்லோரும் பல் தேய்க்க வேண்டும்.

அதையும் டாக்டரிடம் சொன்னேன். அவர் பேனாவை வைத்துவிட்டார்.

"ஆசிட் பட்டதும் பல்லு மேல்தோல் ஊறிப்போய் இருக்கும். அந்த நேரத்துல தேய்ச்சா உளியால செதுக்குற மாதிரி. வெறும் தண்ணில கொப்பளிச்சுத் துப்பியிருந்தா பாதி மிஞ்சியிருக்கும்." சற்று நிறுத்தி, "உங்க கூட வேற யாருக்கு இருக்கு?" என்றார்.

"என் மச்சானுக்கு. சனிக்கிழமை நாலு பல்லையும் எடுக்கப் போறார்."

"எடுக்க வேண்டாம்னு சொல்லுங்க. நான் பாக்காம ஒண்ணையும் எடுக்க வேண்டாம். சிலது காப்பாத்தலாம். எடுத்துட்டு வந்தா என்னால ஒட்ட முடியாது."

வெளியே வந்ததும் மனைவி கேட்டாள். "என்ன சொன்னாங்க?"

"கூச்சமாம்," என்றேன்.

வியாழக்கிழமை ஸ்டோருக்குப் போனேன். ஒன்பது மூட்டையும் அப்படியே இருந்தன. ஒன்றின் மேல் ஸ்டோர்காரர் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"எந்திரிங்க, எண்ணணும்."

"மெத்து மெத்துன்னு இருக்குப்பா. இதையாவது விட்டுவை. எதுக்கு இப்ப?"

"சோதனைக்கு ஆள் வராங்கன்னு பேச்சு. திரும்பக் கொட்டணும்."

பொய் எவ்வளவு சுலபமாக வந்தது என்று எனக்கே ஆச்சரியம். அங்கேயே நின்று மிச்சத்தையும் கணக்குப் போட்டுவிட்டேன். சோதனை என்று சொல்லிப் பந்துகளைக் கொட்டிவிடலாம். பிரஷ் பலகையை உடைத்துவிடலாம். யாருக்கும் எதுவும் தெரிய வேண்டாம். மச்சான் சனிக்கிழமை பல்லை எடுத்துவிட்டுச் செட்டு வைத்துக்கொள்வார். அவருக்குச் சொன்னால்தான் அந்த டாக்டரிடம் வருவார். அந்த டாக்டரிடம் வந்தால் எதனால் என்று கேட்பார். அவர் பல்லும் என் முகமும் ஒரே தராசில் இருந்தன. நான் எந்தத் தட்டை அழுத்திக்கொண்டிருந்தேன் என்பதை மழுப்ப விரும்பவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது மச்சான் ரொட்டியைத் தண்ணீரில் நனைத்துக் கடைவாயில் தள்ளி மென்றார்.

"எங்க அப்பாவுக்கும் நாப்பத்தஞ்சுலயே எல்லாம் போச்சு," என்றார். "எங்க ரத்தம் அப்படி மாப்ள. யாரச் சொல்லி என்ன? தங்கச்சிக்கு மட்டும் எப்படித்தான் எலி மாதிரிப் பல்லோ."

அப்போது சொல்லியிருக்கலாம். அவர் அப்பாவின் ரத்தத்தின் மேல் பழி விழுந்துகொண்டிருந்தது. நான் என் டப்பாவை மூடினேன்.

"சனிக்கிழமை நீயும் வர்றியா? ஊசின்னா எனக்கு உதறும். உன் அக்காகிட்ட சொன்னா ஊருக்கே சொல்லிச் சிரிப்பா."

அவர் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவது. "வரேன்," என்றேன்.

சனிக்கிழமை மார்க்கெட் டாக்டரின் வரவேற்பறையில் பத்துப் பேர் இருந்தார்கள். எல்லோர் கையும் ஏதாவது ஒரு கன்னத்தில். மச்சானுக்கு டோக்கன் பதினொன்று. சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். டோக்கன் அட்டையை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார். ஏழு உள்ளே போனது. எட்டு போனது. எட்டாம் எண் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தபோது மச்சான் என் முழங்கையைப் பிடித்தார். விரல்கள் சில்லிட்டிருந்தன.

"பேசிட்டே இரு மாப்ள. ஏதாவது பேசு."

பேசினேன்.

புதன்கிழமையிலிருந்து ஆரம்பித்தேன். உதட்டுக் கோட்டைச் சொன்னேன். ஆவியைச் சொன்னேன். பந்துகளைச் சொன்னேன். அவர் கை என் முழங்கையில் அப்படியே இருந்தது. பிரஷ்களைச் சொன்னபோதுதான் எடுத்தார்.

"விசில் அடிக்க உதட்ட இழுப்பீங்கல்ல மச்சான். தொட்டிக்கு நேர் மேல நின்னு. அதான் என்னைவிட உங்களுக்கு அதிகம்."

"எங்க அப்பாவுக்குப் போனதும் எனக்குப் போகப்போறதும் வேற வேறங்கிற."

"ஆமா."

"புதன்கிழமையே தெரியும்."

"தெரியும்."

"நேத்து ரொட்டி தின்னப்போ தெரியும்."

"தெரியும்."

"ஏண்டா சொல்லல?"

பதினெட்டு வருடத்தில் அவர் என்னை டா போட்டது அதுதான் முதல் தடவை. தங்கை புருஷன் என்று ஒரு மரியாதை வைத்திருந்தார். அது போன இடம் சத்தம் கூட இல்லாமல் காலியாக இருந்தது.

"பயமா இருந்துச்சு."

"இப்ப?"

"இப்பவும்தான்."

எதிரே உட்கார்ந்திருந்த அம்மா எங்களைப் பார்த்துவிட்டுக் காலண்டரைப் பார்த்தார். மச்சான் நாக்கால் மேல்பல்லைத் தடவினார். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை, மெதுவாக, எண்ணுகிறவர் போல.

ஒன்பதும் பத்தும் எப்போதோ போய் வந்திருந்தன. "பதினொன்னு யாருங்க?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

எழுந்தார். உள்ளே போகப்போகிறார் என்றே நினைத்தேன். கோபத்தில் நான்கையும் பிடுங்கிக்கொண்டு வந்து என் கையில் கொடுத்துவிடுவார் என்றுகூட நினைத்தேன். அவர் டோக்கனை எதிரே இருந்த அம்மாவிடம் நீட்டினார்.

"நீங்க போங்கம்மா. எனக்கு வேற இடத்துல வேலை இருக்கு."

பெண் டாக்டரின் இடத்துக்குப் பஸ்ஸில் போனோம். ஒரே சீட்டில் இடம் இருந்தும் அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நானும் நின்றேன். உட்காரும் தகுதி எனக்கு இருப்பதாகத் தோன்றவில்லை.

உள்ளே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. நடுவில் ஒருமுறை கதவு திறந்தபோது மச்சான் கை தூக்கியபடி படுத்திருப்பது தெரிந்தது. அந்தக் கை இறங்குவதற்குள் கதவு மூடிக்கொண்டது. கொஞ்ச நேரம் கழித்து டாக்டர் வெளியே வந்து என் முன்னால் நின்றார்.

"ஓரத்துல இருக்கிற ரெண்டும் உயிரோட இருக்கு. நரம்புக்கு மருந்து வச்சுத் தொப்பி போட்டுக் காப்பாத்திடலாம். நடுவுல இருக்கிற ரெண்டு செத்துப் பல மாசம் ஆச்சு. வேர்ல சீழ். அது எடுத்தாகணும். அவர்கிட்ட சொல்லிட்டேன், எடுக்கச் சொல்லிட்டார்." பிறகு, "அந்தத் தொட்டி?" என்றார்.

"திங்கக்கிழமை பந்து கொட்டிடுவேன்."

"இன்னிக்கு ஓடலையா?"

ஓடிக்கொண்டிருந்தது. சனிக்கிழமை அரைநாள் ஷிப்டு. ஹாய்ஸ்ட்காரனும் மற்ற இருவரும் அந்நேரம் தொட்டிக்கரையில் நின்றுகொண்டிருந்தார்கள்.  

மச்சான் வெளியே வந்தபோது மேலுதடு மரத்து ஒரு பக்கமாகத் தொங்கியது. வாயில் பஞ்சு. நர்சம்மா கூடவே வந்து என்னிடம் சொன்னார்: "அரை மணி நேரம் பஞ்சக் கடிச்சுட்டே இருக்கணும். பேச விடாதீங்க. துப்பவும் கூடாது."

பஸ் நிறுத்தத்தில் போய் உட்கார்ந்தோம். மத்தியான வெயில். எதிரே ஒரு சைக்கிள் கடைக்காரர் ட்யூபைத் தண்ணீரில் அழுத்தி ஓட்டை தேடிக்கொண்டிருந்தார். மச்சான் நேரே பார்த்தபடி இருந்தார். அவர் தாடை இறுகுவதும் தளர்வதும் எனக்குத் தெரிந்தது. திட்ட வேண்டியதெல்லாம் அந்தப் பஞ்சுக்குப் பின்னால் வரிசையில் நின்றுகொண்டிருந்தது. பதினோரு மணி நாற்பதுக்கு வைத்த பஞ்சு. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேன். இரண்டு பஸ் வந்து போயின. அவர் ஏறவில்லை. நானும் அவர் திட்டி முடிக்காமல் ஏறுவதாக இல்லை.

பன்னிரண்டே காலுக்குப் பஞ்சை எடுத்தார். சிவந்திருந்தது. காகிதத்தில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். நடுவில் இரண்டு பல் இல்லாத வாய் எனக்குப் புதியது. வார்த்தைகள் காற்றோடு சேர்ந்து வழுக்கி வந்தன.

"ஷிப்டு எத்தன மணிக்கு முடியும்?"

"ஒண்ணரைக்கு."

"மத்த மூணு பேருக்கும் பல்லு கூசுதா?"

"கேட்டதில்ல."

"எனக்குச் சொன்ன மாதிரி ஒருத்தன் ஒருத்தனாத் தனியா இழுத்துட்டுப் போய்ச் சொல்லாத. எல்லாரையும் நிக்க வச்சுச் சொல்லு. மேனேஜரையும் கூப்பிட்டுட்டு. சோதனைக்கு ஆள் வராங்கன்னு சொன்னியாமே ஸ்டோர்காரர்கிட்ட, நேத்தே சொல்லிட்டார் எனக்கு. அதையும் சொல்லு."

"சொல்றேன் மச்சான்."

"அந்த பிரஷ்ஷத் தூக்கிப் போடு. என்னோடத விட்டுடு, நானே போடறேன்."

 பட்டறைப் பக்கம் போகும் பஸ் வந்தது. அவர் வீடு எதிர்த்திசை. இருந்தும் அதே பஸ்ஸில் ஏறினார். முன்பக்கம் ஒற்றை சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார். நான் பின்வாசலில் ஏறி, இரண்டு டிக்கெட் கேட்டேன்.

கண்டக்டர் அவரைக் காட்டி, "அவர் அவருக்கு எடுத்துட்டாரே," என்றார்.

ஒன்று வாங்கிக்கொண்டேன். ஒன்றரைக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.